ராத்திரி ஒரு மணிக்கு வரும் கமென்ட்ஸ்: வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் மூன்று ஒரே வேலையைப் பற்றியவை: கம்பெனிகள் பணம் திரட்டவும், வாங்கி விற்கவும் நடுவில் நின்று உதவும் இன்வெஸ்ட்மென்ட் பேங்க் வேலை. அதனால் மற்றதை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த மூன்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, எனக்கு ஊர் பாலக்கோடு பக்கம். அப்பா தக்காளி போடுகிறார். எம்.பி.ஏ. முடித்து மும்பையில் ஒரு இன்வெஸ்ட்மென்ட் பேங்கில் அனலிஸ்டாகச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. காலை பத்து மணிக்கு உள்ளே போனால் வெளியே வர ராத்திரி ஒன்று, ஒன்றரை. சனிக்கிழமை லீவு என்பதே கிடையாது, ஞாயிறும் பாதி போய்விடும். செப்டம்பர் கடைசியில் ஒரு ஐ.பி.ஓ. (ஒரு கம்பெனி முதல் தடவையாகப் பங்குகளை மக்களுக்கு விற்பது) வேலை வந்தபோது குளிக்க மட்டும்தான் ரூமுக்குப் போனேன். இப்போது படுத்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, தூக்கம் வரமாட்டேன் என்கிறது. போன வாரம் மாடலில் (கம்பெனியின் வரவு செலவைக் கணிக்கும் கணக்கு ஷீட்) ஒரு இடத்தில் கோடியில் போட வேண்டியதை லட்சத்தில் விட்டுவிட்டேன், எல்லோர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இந்த வேலைக்கு நான் லாயக்கில்லையோ என்று தோன்றுகிறது. வீட்டில் சொன்னால் பயப்படுவார்கள், கல்விக் கடன் வேறு இருக்கிறது. விடவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், பாலக்கோடு

பதில்: தம்பி, முதலில் அந்தப் படபடப்பு. அதற்கு டென்ஷன் என்று நீயே பெயர் வைத்து ஒதுக்கிவிடாதே. இந்த வாரமே ஒரு டாக்டரைப் பார்த்து பி.பி., சுகர், தைராய்டு, ஈ.சி.ஜி. எல்லாம் எடுத்துவிடு. நடக்கும்போது நெஞ்சு இறுக்கினாலோ, மயக்கம் வந்தாலோ, ஒரு பக்கம் கை மரத்தாலோ அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போ, எந்த டெக்கும் (கிளையன்டுக்குக் காட்டும் பிரசன்டேஷன்) அதற்கு முன்னால் பெரிசு கிடையாது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்பவர்களுக்கு, 35–40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிட பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதம் அதிகம், இதய நோயால் சாகும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். நீ எழுதியிருக்கும் நேரத்தைக் கூட்டினால் 90-ஐத் தாண்டுகிறது.

அடுத்து, லாயக்கில்லை என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. எட்டு மணிக்கு எழுந்தவன் ராத்திரி ஒரு மணிக்கு மாடல் போடுகிறான் என்றால் அவன் விழித்து 17 மணி நேரம் ஆகிவிட்டது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் வேகமும், ரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு மந்தமாகிவிடுகிறது என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள். நம்ம நாட்டில் 30 மில்லிகிராமைத் தாண்டி வண்டி ஓட்டினாலே கேஸ். அந்த நிலைமையில் இருக்கிறவன் கையில் கோடிக் கணக்கைக் கொடுத்துவிட்டு, ஒரு தப்பு வந்ததும் எல்லோர் முன்னாலும் திட்டினால் அது யாருடைய தவறு? உன் மூளைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை, தூக்கம்தான் குறைச்சல்.

நீ மட்டும் தனியாக இதில் மாட்டிக்கொள்ளவும் இல்லை. 2021-ல் அமெரிக்காவில் கோல்ட்மேன் சாக்ஸ் என்ற பெரிய இன்வெஸ்ட்மென்ட் பேங்கில் முதல் வருஷ அனலிஸ்டுகள் 13 பேர் தாங்களே ஒரு கணக்கெடுத்து மேலிடத்துக்குக் கொடுத்தார்கள். வாரம் சராசரியாக 95 மணி நேர வேலை, ராத்திரிக்கு ஐந்து மணி நேரத் தூக்கம். 80 மணி நேரத்தோடு நிறுத்துங்கள் என்பதுதான் அவர்கள் கேட்டது. 2024-ல் ஜே.பி.மார்கன் பேங்க் ஜூனியர்களுக்கு வாரம் 80 மணி நேரம் என்று உச்சவரம்பு வைத்தது, அதிலும் டீல் ஓடிக்கொண்டிருந்தால் விலக்கு உண்டு. ஓசூரில் ஆலை வேலைக்குப் போகும் உன் வயதுப் பையனுக்குச் சட்டப்படி வாரம் 48 மணி நேரம்தான், அதற்கு மேல் போனால் இரட்டைச் சம்பளம். படித்து பெரிய வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு அந்தப் பாதுகாப்புகூட நடைமுறையில் இல்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

சரி, இனி என்ன செய்யலாம்? நானும் இதே துறையில் இருந்துவிட்டு வந்தவள் என்பதால் சொல்கிறேன், உன் பதினைந்து மணி நேரமும் வேலை இல்லை. காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை எவ்வளவு நேரம் சும்மா காத்திருக்கிறாய் என்று ஒரு வாரம் குறித்து வை. டீமின் தலைவரான எம்.டி. பகலெல்லாம் கிளையன்ட் மீட்டிங்கில் இருப்பார். உன் டெக்கைப் பிரித்துப் பார்க்க அவருக்குச் சாயங்காலம்தான் நேரம் கிடைக்கும். அவருடைய கமென்ட்ஸ், அதாவது திருத்தங்கள், அவருக்குக் கீழே இருக்கும் வி.பி.க்கு வந்து, அங்கிருந்து உனக்கு நேர் மேலே இருக்கும் அசோசியேட்டுக்கு இறங்கி, உன் மேசைக்கு வரும்போது மணி ஒன்பது தாண்டியிருக்கும். ராத்திரி வேலை உருவாகும் இடம் அதுதான், நீயும் அங்கேதான் கை வைக்க வேண்டும். முடியாத டெக்காக இருந்தாலும் பரவாயில்லை, முதல் பத்துப் பக்கத்தை மத்தியானமே அனுப்பு. நான்கு மணிக்கு அசோசியேட்டிடம் நேரில் போய், “இதை எத்தனை மணிக்குப் பார்ப்பீங்க, கமென்ட்ஸ் எல்லாம் ஒரே தடவையில் கொடுக்க முடியுமா” என்று கேள். தினமும் நடக்காதுதான். ஆனால் வாரத்தில் இரண்டு நாள் நடந்தாலே அந்த இரண்டு ராத்திரி உனக்கு மிச்சம்.

அப்புறம், எது நிஜமான கெடு, எது சும்மா சொன்ன கெடு என்று பிரிக்கப் பழகு. நீ சொன்ன செப்டம்பர் வேலை நிஜமானது. ஐ.பி.ஓ.வுக்கு, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியிடம் கொடுக்கும் வரைவு ஆவணத்தில் இருக்கும் தணிக்கைக் கணக்கு ஆறு மாதத்துக்கு மேல் பழசாக இருக்கக்கூடாது. மார்ச் கணக்கை வைத்துத் தாக்கல் செய்வது செப்டம்பர் 30-ஐத் தாண்டினால் கணக்கை மறுபடி போட வேண்டும், வக்கீல், ஆடிட்டர், கம்பெனி எல்லோரும் அந்த வாரம் தூங்கமாட்டார்கள். அது வருஷத்தில் சில தடவை வரும், வரட்டும். ஆனால் புது வேலையைப் பிடிக்கப் போடும் பிட்ச் டெக்குக்கு “நாளைக் காலைக்குள் வேண்டும்” என்று யாராவது சொன்னால், மரியாதையாக “மீட்டிங் என்றைக்கு சார்” என்று கேள். அடுத்த வியாழக்கிழமை என்று பதில் வந்தால் “அப்படின்னா நாளைக்கு மத்தியானம் கொடுத்துடறேன்” என்று சொல்வதில் தப்பே இல்லை. இரண்டு பெரியவர்கள் ஒரே நேரத்தில் வேலை கொடுத்தால் நடுவில் நீ மாட்டாதே. இருவரையும் வைத்து ஒரே மெயில்: “இரண்டுமே நாளை காலை பத்து மணிக்குக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்து பத்து மணி நேர வேலை. எதை முதலில் முடிக்கட்டும்?” இவ்வளவு போதும். புலம்பலும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். முடிவை அவர்கள் எடுக்கட்டும்.

தூக்கத்துக்கு ஒரு தரை போடு. சாதாரண வாரத்தில் ஆறு மணி நேரத்துக்குக் கீழே இறங்கமாட்டேன் என்று வைத்துக்கொள், ஏழு கிடைத்தால் இன்னும் நல்லது. காபியில் இருக்கும் காஃபின் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும், அதனால் சாயங்காலத்துக்கு மேல் காபியைத் தொடாதே. ராத்திரி பத்தரைக்கு பிரியாணி ஆர்டர் பண்ணி உட்கார்ந்தபடியே சாப்பிடும் பழக்கமும் வேண்டாம், எட்டு மணிக்கே சாப்பிட்டுவிடு. பகலில் காத்திருக்கும் நேரத்தில் இருபது நிமிஷம் கண் மூடு, யார் என்ன நினைத்தாலும் சரி. வாரத்தில் ஒரு பகுதியை முழுசாகக் கேட்டு வாங்கு. கோல்ட்மேனில் அந்தக் கணக்கெடுப்புக்குப் பிறகு, வெள்ளி ராத்திரி 9-லிருந்து ஞாயிறு காலை 9 வரை ஜூனியர்களை ஆபீஸ் வேலைக்கு இழுக்கக்கூடாது என்ற பழைய விதியைக் கறாராக நடத்துவோம் என்று தலைவரே சொல்ல வேண்டி வந்தது. உன் இடத்தில் அவ்வளவு கிடைக்காவிட்டாலும், சனி மத்தியானத்திலிருந்து ஞாயிறு மத்தியானம் வரை என்று கேட்கலாம். கேட்கும்போது உன் மணிக்கணக்குக் குறிப்பு கையில் இருந்தால் பேச்சுக்கு பலம் இருக்கும்.

வீட்டில் சொல்லிவிடு. அப்பாவுக்கு மாடலும் டெக்கும் புரியாது, “தூக்கமில்லை, உடம்பு கெடுது, டாக்டரைப் பார்த்தேன்” என்பது புரியும். விலை கிடைக்காமல் தக்காளியைக் கீழே கொட்டிவிட்டு வீட்டுக்கு வந்த வருஷங்களை எல்லாம் பார்த்த மனுஷர், இதைக் கேட்டு உடைந்து போகமாட்டார்.

வேலையை விடுவதா என்பதை ராத்திரி மூன்று மணிக்கு முடிவு செய்யாதே. ஆறு மாத இ.எம்.ஐ.யைத் தனியாக ஒரு கணக்கில் எடுத்து வை. அப்பாயின்ட்மென்ட் லெட்டரை எடுத்து நோட்டீஸ் பீரியட் எவ்வளவு, ஜாயினிங் போனஸைத் திருப்பிக் கேட்பார்களா, வருஷ போனஸ் எப்போது கைக்கு வரும் என்று படி. ஒரு வருஷம் மாடலும் ட்யூ டிலிஜென்ஸும் (கம்பெனியின் கணக்கையும் காகிதத்தையும் அலசிப் பார்ப்பது) பழகிய பையனுக்கு இதைவிட மூச்சுவிடும் இடங்கள் உண்டு: கம்பெனிகளின் கடன் தகுதியை மதிப்பிடும் ரேட்டிங் நிறுவனம், பெரிய கம்பெனிகளின் நிதிப் பிரிவு, பெங்களூரில் இருக்கும் பன்னாட்டு நிறுவனங்களின் ஃபைனான்ஸ் டீம். சம்பளம் குறையும், மறைக்கவில்லை. ஆனால் டாக்டர் உன் உடம்பைப் பற்றி கவலையாக ஏதாவது சொன்னால் போனஸுக்காகக் காத்திருக்காதே. சாகலாம் போல என்றாவது தோன்றினால் அன்றைக்கே 14416-க்கு போன் செய், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், தமிழிலும் பேசலாம்.

கேள்வி: மகள் பெங்களூரில் ஏதோ இன்வெஸ்ட்மென்ட் பேங்க் வேலை என்கிறாள். பேங்க் என்றால் ஐந்து மணிக்கு மூடிவிடுவார்களே, இவள் ஏன் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் ஆபீஸில் இருக்கிறாள்? போன் செய்தால் எரிந்து விழுகிறாள். மாதம் ஒரு தடவை வேலை முடிந்து ராத்திரியே காரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டு, இரண்டு நாளும் தூங்குகிறாள். நாங்கள் என்ன செய்வது?
– ஒரு தாய், காவேரிப்பட்டணம்

பதில்: அம்மா, இது பணம் போட்டு எடுக்கும் பேங்க் இல்லை. உங்கள் ஊர்ப் பக்கம் மாங்காய் மண்டியில் நடுவில் நின்று விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைத்துக் கமிஷன் வாங்குகிறார்களே, அதையே கம்பெனிகளுக்குச் செய்கிறார்கள். போச்சம்பள்ளியில் ஆலை வைத்திருக்கும் ஓலா எலக்ட்ரிக் 2023 டிசம்பரில் செபியிடம் வரைவு ஆவணம் கொடுத்து 2024 ஆகஸ்டில் பங்குச்சந்தைக்கு வந்தது இல்லையா, அந்த மாதிரி ஒரு வேலைக்குப் பின்னால் மாதக்கணக்கில் கணக்கும் காகிதமும் தயார் செய்யும் கூட்டத்தில் உங்கள் மகளும் ஒருத்தி. டீல் முடிந்தால்தான் பெரிய கமிஷன் என்பதால், கிளையன்ட் எப்போது கேட்டாலும் கொடுத்தாக வேண்டும் என்று வேலை ராத்திரிக்கு நீண்டுவிடுகிறது.

முதல் காரியமாக அந்த ராத்திரி கார் பயணத்தை நிறுத்துங்கள். பெங்களூரிலிருந்து உங்களுக்கு சுமார் 100 கிலோமீட்டர், லாரிகள் ஓயாத ரோடு. தூக்கமில்லாதவருக்குக் கண் திறந்தபடியே சில நொடி நினைவு தப்பும், 80 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நொடி என்றால் வண்டி 65 மீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். சனிக்கிழமை தூங்கி எழுந்து பஸ்ஸில் வரட்டும், சேலம் பஸ் பெரும்பாலும் கிருஷ்ணகிரி வழியாகத்தான் போகிறது, அங்கே வந்து யாராவது அழைத்துக்கொள்ளுங்கள். அவள் வரும் நாளில் பெண் பார்க்க ஆள் வரச் சொல்வது, கல்யாண வீட்டுக்குக் கிளப்புவது, பக்கத்து வீட்டுக்காரர் மகனுக்கு வேலை கேட்கச் சொல்வது எதுவும் வேண்டாம். தூங்கட்டும். எழுந்ததும் சூடாக ஒரு வேளை சாப்பாடு போட்டு, பக்கத்தில் உட்காருங்கள், அவளாகப் பேசுவாள். “விட்டுட்டு வந்துடு” என்றும் சொல்ல வேண்டாம், “எல்லோரும்தான் கஷ்டப்படறாங்க” என்றும் சொல்ல வேண்டாம். “நீ எந்த முடிவு எடுத்தாலும் வீட்டுச் செலவை நாங்க பார்த்துக்கறோம்” என்று அப்பா வாயால் ஒரு தடவை சொல்லச் சொல்லுங்கள். வீட்டுக் கடனோ தம்பி படிப்போ அவள் சம்பளத்தில் ஓடுகிறது என்றால், எவ்வளவு ஓடுகிறது, எத்தனை மாதத்தில் குறைக்கலாம் என்று அவளோடு உட்கார்ந்து எழுதுங்கள். பல பிள்ளைகள் வாய் திறக்காததற்கு அந்தக் கணக்குதான் காரணம்.

கேள்வி: பி.காம். இறுதியாண்டு. இந்தத் துறைக்குப் போக ரொம்ப ஆசை, ஆனால் கேள்விப்படுவது பயமாக இருக்கிறது. போகலாமா அக்கா?
– மாணவி, கிருஷ்ணகிரி

பதில்: போகலாம் கண்ணு. ஒரு கம்பெனியை உள்ளும் புறமுமாகப் படிக்க இருபத்து மூன்று வயதில் இதைப் போல வேறு வேலை கிடைப்பது அரிது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். எல்லா டீமும் ஒரே மாதிரி இருக்காது, மணி நேரத்தை முடிவு செய்வது பெரும்பாலும் நீ யாருக்குக் கீழே உட்காருகிறாய் என்பதுதான். அதனால் ஆஃபர் வந்ததும் எச்.ஆரிடம் கேட்டுவிட்டு விட்டுவிடாதே, அதே டீமில் இரண்டாவது வருஷத்தில் இருக்கும் ஒருவரைத் தேடிப்பிடித்துப் பேசு. போன மாதம் எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் வந்தீர்கள், கடைசியாக லீவு கேட்டபோது கொடுத்தார்களா, உங்களுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் எங்கே போனார், ராத்திரி தாமதமானால் பெண்களுக்கு கேப் வாசல் வரை வருமா என்று கேள். பதில் சொல்லத் தயங்கினால், இரண்டாவதாக இன்னொருவரிடமும் கேட்டுவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடு.