மக்கு பேப்பர்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் பி.எட். இரண்டாம் ஆண்டு மாணவி, பாடம் தமிழ். ஓசூரை அடுத்த ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் 16 வாரக் கற்பித்தல் பயிற்சியில் இருக்கிறேன். எனக்கு ஏழாம் வகுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். மொத்தம் 41 பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், சிலர் கன்னடம். அண்ணனும் தங்கையுமாக இரண்டு பிள்ளைகள் சென்ற ஆண்டுதான் பீகாரிலிருந்து வந்து ஒரே வகுப்பில் சேர்ந்திருக்கிறார்கள்; தந்தை ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். ஒரு பெண் காதுக்குச் செவித்துணைக் கருவி போட்டிருக்கிறாள். எதைக் கேட்டாலும் வாயால் சரியாகப் பதில் சொல்லும் ஒரு பையனால் பாடத்தில் ஒரு வரியைக்கூடப் படிக்க முடியவில்லை.

'உள்ளடக்கிய பள்ளியை உருவாக்குதல்' என்ற தாளை நான் நன்றாகவே எழுதினேன். பல்வகைக் கற்போர் யார், அவர்களுக்கு எவ்வகைக் கற்பித்தல் வேண்டும் என்று கேட்டால் இன்றும் வரையறைகளை ஒப்பிப்பேன். ஆனால், பாடக்குறிப்போடு வகுப்புக்குள் நுழைந்த முதல் வாரத்திலேயே அந்தப் பாடக்குறிப்பு இந்த 41 பேரில் யாருக்காக எழுதப்பட்டது என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது. மூன்றாம் வாரத்தில் பின்தங்கிய 9 பேருக்கு மட்டும் எளிய பயிற்சித்தாள் ஒன்றை இரவு விழித்து எழுதிக் கொண்டுபோனேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தபோது, நான் மேலே சொன்ன அந்தப் பையன் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "இது மக்கு பேப்பர்தானே டீச்சர்?" என்றான். வகுப்பு சிரித்தது. அன்று என்னால் மேற்கொண்டு பாடம் நடத்த முடியவில்லை.

வழிகாட்டி ஆசிரியரிடம் சொன்னேன். "நடுத்தரப் பிள்ளையை மனசில் வைத்து நடத்தும்மா. மேலே இருப்பவன் தானே படித்துக்கொள்வான், கீழே இருப்பவனை ஆண்டவன் பார்த்துக்கொள்வான்" என்றார். 40 நிமிடத்தில் எல்லாருக்கும் கற்பிப்பது நடக்கக்கூடிய காரியமா, அல்லது தேர்வுத்தாளுக்காக மட்டும் நாம் சொல்லிக்கொள்ளும் பொய்யா? நீங்கள் ஆசிரியராக இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

(பெயரும் பள்ளியும் கடிதம் எழுதியவரின் விருப்பப்படி நீக்கப்பட்டுள்ளன.)

அன்புள்ள ஆசிரியைக்கு,

மக்கு பேப்பரிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் உங்களுக்கு மிகவும் வலித்த இடமும், நீங்கள் மிகச் சரியாகக் கவனித்த இடமும் அதுதான். எளிய தாள் எழுதியது தவறல்ல. யாருக்கு எளிய தாள் என்று நீங்களே தீர்மானித்து, 41 பேர் முன்னிலையில் 9 பெயர்களை வாசித்தது தவறு. அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்பதை அந்தப் பையன் பார்க்கவே இல்லை. தன் பெயருக்கு முன்னும் பின்னும் எந்தப் பெயர்கள் வந்தன என்பதைத்தான் கேட்டான்.

பிள்ளைகளிடம் இதை மறைக்கவே முடியாது. தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கான தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் தொடங்கியபோது, கற்றல் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று அழகான பெயர்களை வைத்தார்கள். 'மெல்லக் கற்போர்', 'மீத்திறன் மிக்கோர்' என்று பிள்ளைகளின் காதுபடவே பேசிப் பழகிய எங்கள் தலைமுறையின் வழக்கத்தோடு ஒப்பிட்டால் அது எவ்வளவோ மேல். ஆனாலும் எந்தப் பூ எந்த வரிசையில் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க ஆறு வயதுக் குழந்தைக்கு ஒரு வாரம்கூட வேண்டியதில்லை. எனவே பெயரை மாற்றுவதைவிடத் தாளை மாற்றுவதே நல்லது. ஒரே பத்தி, ஒரே தாள், எல்லாருக்கும். முதல் கேள்வியைப் பத்தியிலிருந்து ஒரு சொல்லைப் பார்த்து எழுதினாலே விடை வரும்படியும், கடைசிக் கேள்வியை வகுப்பின் முதல் மாணவி தலையைச் சொறியும்படியும் அமையுங்கள். எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம், எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம், எழுதுவதற்குப் பதிலாக உங்களிடம் வந்து வாயால் சொல்லலாம் என்று அறிவித்துவிடுங்கள். முதலில் முடிப்பவர்களை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அனுப்புவது எல்லாப் பள்ளிகளிலும் நடப்பது; எப்போதாவது என்றால் நல்லது, தினமும் என்றால் அந்தப் பிள்ளைகளின் படிப்பை நாம் திருடுகிறோம் என்றே நான் நினைக்கிறேன். அவர்களுக்கும் அந்த வகுப்பில் கற்க ஏதாவது இருக்க வேண்டும்.

அடுத்து மொழி. உங்கள் பகுதியில் பல தலைமுறைகளாகத் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் வாழ்கின்றன. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு, அந்த வீட்டுப் பிள்ளைகளும் முதல் வகுப்பிலிருந்தே தமிழை ஒரு பாடமாகப் படிக்கிறார்கள். அவர்களை 'வீட்டில் தமிழ் இல்லாதவர்கள்' என்ற குறையின் பக்கத்திலிருந்து பார்த்தால் உங்கள் வகுப்பில் பாதிப்பேர் பின்தங்கியவர்கள் ஆகிவிடுவார்கள். ஒரு நாள் கரும்பலகையில் 'ஏழு', 'கோழி' என்ற இரண்டு சொற்களை மட்டும் எழுதி, உங்கள் வீட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டுப் பாருங்கள். தெலுங்குப் பிள்ளைகள் ஏடு, கோடி என்பார்கள். கன்னடப் பிள்ளைகள் ஏளு, கோளி என்பார்கள். நம் ழகரம் ஒரு வீட்டில் டகரமாகவும் இன்னொரு வீட்டில் ளகரமாகவும் நிற்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். ழகரத்தை எங்கே போடுவது என்று தெரியாமல் தவிக்கும் தெலுங்குப் பையனுக்கு, ஐயமுள்ள சொல்லைத் தன் வீட்டுச் சொல்லோடு வைத்துப் பார்க்க ஒரு வழி கிடைக்கும். எல்லாச் சொல்லுக்கும் அது உதவாது. ஆனால் வீட்டிலே தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு இல்லாத ஒரு சாவி தன்னிடம் இருக்கிறது என்று அவன் அன்றைக்கு உணர்வான்.

பீகார்ப் பிள்ளைகளின் நிலை வேறு. அவர்கள் இந்தி எழுத்துகளைக் கற்றுவிட்டு வந்திருப்பார்கள். அங்கே ககரத்துக்கே நான்கு எழுத்துகள், நம்மிடம் ஒன்றுதான். 'கல்', 'தங்கம்', 'அகம்' என்ற மூன்று சொற்களிலும் ஒரே எழுத்தை எழுதிவிட்டு மூன்று விதமாக ஒலிக்கிறோம். சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லோசை, மெல்லெழுத்தை அடுத்து வந்தால் மென்மை, இரண்டு உயிர்களுக்கு நடுவே இன்னும் தேய்ந்த ஓசை என்பதை நம் பாடநூல் விரித்துச் சொல்வதில்லை. தமிழ்க் காதுக்கு அது பாலோடு வந்துவிட்டதால், சொல்ல வேண்டும் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை. 'பாம்பு' என்ற சொல்லின் இரண்டு பகரங்களும் ஏன் வேறு வேறாக ஒலிக்கின்றன என்று அந்தத் தங்கை கேட்டால் அது மந்தம் அல்ல, கூர்மை. அதேபோல் இந்தியில் எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் இடையே நம்மைப்போல் குறில் நெடில் வேறுபாடு கிடையாது. ஆகவே 'எடு'வும் 'ஏடு'ம், 'கொடு'வும் 'கோடு'ம் அவர்கள் காதில் ஒன்றாகவே விழும். சொல்வதெழுதுதலில் அந்த இடங்களில் நீங்கள் சுழிக்கும் சிவப்பு மையால் எந்தப் பயனும் இல்லை. கைதட்டி, குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று கேட்கப் பழக்குங்கள். மாத்திரையைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்த நமக்கு, அது உண்மையிலேயே ஒரு கருவி என்று இவர்களால்தான் தெரியவரும்.

வாயால் சொல்லி, படிக்க முடியாமல் இருக்கும் பையனைப் பற்றி. கல்லூரிக்குக் கொடுக்க வேண்டிய தனியாள் ஆய்வுக்கு இவனையே எடுத்துக்கொள்ளலாம் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். அந்தப் படிவம் பெரும்பாலும் 'பிரச்சினை' என்ற தலைப்பில்தான் தொடங்கும். அதை நிரப்புவதற்கு முன், பாடப்பகுதி ஒன்றை நீங்களே அவனுக்கு வாசித்துக்காட்டிக் கேள்விகளைக் கேளுங்கள். சரியாகச் சொன்னால், புரிதலில் குறைவில்லை, தடை எழுத்தில்தான் என்பது தெளிவாகும். பிறகு கண் பரிசோதனை நடந்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால், எந்த எழுத்தில் தடுக்கி விழுகிறான் என்று நாட்குறிப்பாக எழுதுங்கள். தமிழில் 'கெ' என்று எழுதும்போது, பின்னால் ஒலிக்க வேண்டிய எகரத்தின் குறி முன்னால் வந்து நிற்கிறது. 'கொ'வில் மெய்யைக் குறி இரண்டு பக்கமும் சூழ்ந்துகொள்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிக்கும் பையனுக்கு இது பெரிய பொறி. ஆகாரத்திலும் இகரத்திலும் தேறி, இந்தக் குறிகளில் மட்டும் விழுகிறானா, அல்லது எல்லாவற்றிலுமா என்பது உங்களுக்குத் தெரிந்தால், அடுத்து அவனைப் பார்க்கப்போகும், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியருக்குப் பாதி வேலை முடிந்தது.

ஆம், சிறப்பாசிரியர் பார்க்க வேண்டும். தலைமையாசிரியர் வழியாக, சிறப்பாசிரியரை அனுப்பும் வட்டார வள மையத்துக்குச் சொல்லுங்கள். இவனுக்கு இருப்பது கற்றல் குறைபாடுதான் என்று நீங்களோ நானோ முடிவு கட்டக்கூடாது. ஆனால் பார்க்கச் சொல்வது உங்கள் கடமை. 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 7 வகைகள் மட்டுமே இருந்தன, கற்றல் குறைபாடு அவற்றில் இல்லை. 2016-இன் சட்டம் 21 வகைகளைச் சொன்னபோதுதான் அதற்கு இடம் கிடைத்தது. இடைப்பட்ட 20 ஆண்டுகளில் இப்படிப்பட்ட பிள்ளைகளைச் சோம்பேறி என்று எழுதியவர்களில் நானும் ஒருவன். சான்றிதழ் இருந்தால் பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதித் தருபவர் போன்ற சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். பத்தாம் வகுப்பில் அரையாண்டுத் தேர்வு முடிந்தபிறகு அதற்காக மருத்துவமனைக்கு அலைந்த பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். ஏழாம் வகுப்பு அதற்குச் சரியான நேரம்.

செவித்துணைக் கருவி அணிந்த பெண்ணைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். கருவி இருக்கிறது, ஆகவே கேட்கும் என்று எண்ணிவிட்டீர்களோ என்று எனக்கு ஐயம். அந்தக் கருவி உங்கள் குரலோடு மின்விசிறியின் இரைச்சலையும் பெஞ்சு இழுபடும் சத்தத்தையும் சேர்த்தே பெருக்கித் தருகிறது. மீதியை அவள் உங்கள் உதட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறாள். கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேசுகிற ஒவ்வொரு முறையும் அவளுக்குப் பாடம் அறுந்துபோகிறது. ஜன்னலுக்கு முன்னால் நின்றால் உங்கள் முகம் இருட்டாகிவிடும். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் பதில் சொன்னால், அதை நீங்கள் ஒருமுறை திருப்பிச் சொல்லாவிட்டால் அந்தப் பதில் அவள் வரை வராது. எழுதி முடித்துத் திரும்பி நின்று பேசுவதும், பதிலைத் திருப்பிச் சொல்வதும் மற்ற 40 பேருக்கும் நல்லதுதான். மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரில் தம் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கும் முன், அறிவுத்திறன் குறைந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளோடுதான் பணியாற்றினார். அங்கே பயன்பட்ட கருவிகளையும் முறைகளையும்தான் பிறகு எல்லாக் குழந்தைகளுக்கும் கொண்டுவந்தார். அதே அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார் என்பது நம்மூர்ப் பயிற்சிக் கல்லூரிகளில் ஒரு மதிப்பெண் வினாவாக மட்டும் மிஞ்சியிருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எட்டாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். உயரமானவன் என்பதால் கடைசி வரிசையில், சுவரை ஒட்டி உட்கார வைத்தேன். மதிப்பெண் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேராக இரண்டு ஆண்டுகள் 'கவனமின்மை' என்று எழுதினேன், அடித்தும் இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு முடிவில் மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த அவன் தாய், "இவனுக்கு வலது காது சின்ன வயசிலேயே போயிடுச்சுங்க சார்" என்று, எனக்குத் தெரிந்த செய்தியைச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார். சுவர் அவனுக்கு இடப்பக்கம் இருந்தது. கேட்கிற காதைச் சுவருக்கும் கேட்காத காதை எனக்கும் காட்டி அவனை இரண்டு ஆண்டுகள் நானே உட்கார வைத்திருந்தேன்.

உங்கள் வழிகாட்டி ஆசிரியர் சொன்னதற்காக அவர்மீது கோபம் வேண்டாம். பாடவேளைகளுக்கு நடுவே எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தின் பதிவுகளையும் முடித்துக்கொடுக்க வேண்டிய ஒரு மனிதர், தளர்ச்சியில் தமக்கே சொல்லிக்கொள்ளும் சமாதானம் அது. ஆனால் அவர் சொல்லும் நடுத்தரப் பிள்ளையை உங்கள் வகுப்பில் தேடிப் பாருங்கள், கிடைக்கமாட்டான். இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். 40 நிமிடத்தில் 41 பேருக்கும் கற்பிக்க முடியாது. முடியும் என்று எழுதச்சொல்லும் தாள் பொய்தான் சொல்கிறது. ஆனால் ஒரு பாடவேளைக்கு 3 பேர் என்று முன்கூட்டியே குறித்துக்கொண்டு, பாடம் நடத்தும்போது அந்த மூவரை மட்டும் உன்னிப்பாகப் பார்த்தால், 14 வகுப்புகளில் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம். யார் எதில் நிற்கிறார்கள் என்று தெரிந்தபிறகு எழுதும் பாடக்குறிப்பு தானாகவே வேறாக இருக்கும்.

அந்தக் கவனிப்பைக் கல்லூரிக்கான பதிவேட்டில் எழுதாமல், தனியாக ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தில் ஆளுக்கு அரைப்பக்கம் எழுதி வாருங்கள். பிள்ளைக்கு என்ன வராது என்பதற்கு முன்பாக என்ன வரும் என்பதை எழுதுங்கள். பதிவேட்டுக்குக் கல்லூரியில் மதிப்பெண் போட்டுக் கட்டி வைத்துவிடுவார்கள். 16-ஆம் வாரம் நீங்கள் கிளம்பும்போது இந்த நோட்டை வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்தப் பெண்ணின் பக்கத்தில் முதல் வரியாக, எந்தப் பக்கக் காது அவளுக்கு நன்றாகக் கேட்கிறது என்று எழுதுங்கள்.

அன்புடன்.