இணைச்சீர் படங்கள் இருக்கும் மெமரி கார்டைக் கடையில் விட்டுவிட்டு வரலாமா?

கேள்வி: தம்பி கல்யாணத்தில், மாப்பிள்ளையின் சகோதரி செய்யும் சடங்கான இணைச்சீரைச் செய்தவள் நான். பெரியப்பா மகன் தன் கேமராவில் எடுத்த படங்களும், மங்கல வாழ்த்துப் பாடும்போது எடுத்த வீடியோவும் ஒரு 64 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டில் இருந்தன. லேப்டாப்பில் போட்டால் ‘ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்’ என்று வருகிறது. போனில் போட்டுப் பார்த்தோம், அதிலும் திறக்கவில்லை. ஈரோட்டில் ஒரு கடையில் 12,000 ரூபாய் ஆகும், பாதியை அட்வான்ஸாகக் கட்டி கார்டை விட்டுவிட்டுப் போங்கள் என்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். பணத்தை விடுங்கள், கார்டைக் கொடுக்காதீர்கள். அந்தப் படங்கள் இந்த ஒரு கார்டில்தான் இருக்கின்றன. அதை யாரிடம் கொடுப்பதானாலும் அதற்கு முன் உங்கள் கையில் ஒரு நகல் இருக்க வேண்டும்.

லேப்டாப் ஃபார்மட் செய்யச் சொல்வதை, அதாவது கார்டை அழித்துப் புதிதாக்கச் சொல்வதைக் கேட்டுப் பயந்திருப்பீர்கள். ஆனால் அது ஓரளவு நல்ல சேதி. கார்டு உயிரோடு இருக்கிறது, லேப்டாப்புக்கு அது தெரிகிறது என்று அர்த்தம். எந்தப் படம் எந்த இடத்தில் இருக்கிறது என்று கார்டின் தொடக்கத்தில் ஒரு பட்டியல் இருக்கும். பெரும்பாலும் கெட்டுப்போவது அதுதான். பத்திர ஆபீஸில் ஒரு பதிவேடு கிழிந்துபோனால் உங்கள் காடு தோட்டம் காணாமல் போய்விடாது அல்லவா, அப்படித்தான் இதுவும். கார்டில் புதிதாக எதையும் எழுதாத வரை படங்கள் இருக்கும்.

அதனால் கார்டை மறுபடி கேமராவில் போட்டு ‘எடுக்கிறதா பார்ப்போம்’ என்று ஒரு படம்கூட எடுக்காதீர்கள். லேப்டாப்பில் ‘செக் டிஸ்க்’ ஓட்டச் சொல்லி யாராவது ஆலோசனை சொல்வார்கள். அது பட்டியலைச் சரிசெய்கிறேன் என்று கார்டிலேயே எழுதும், நகல் எடுக்கும் முன் அதைத் தொட வேண்டாம். மைக்ரோ எஸ்டி கார்டைச் செருகும் பெரிய அடாப்டரின் பக்கவாட்டில் சின்னதாக ஒரு பூட்டு இருக்கும். அதை ‘லாக்’ பக்கம் தள்ளிவிட்டு லேப்டாப்பில் போடுங்கள்.

போனில் போட்டுப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். போன் திரையில் ‘செட் அப்’ என்று ஏதாவது கேட்டு, வீட்டில் யாராவது அழுத்தினார்களா? 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், மெமரி கார்டைப் போனின் சொந்தச் சேமிப்பிடமாகவே மாற்றிக்கொள்ளும் வசதி பல போன்களில் இருக்கிறது. அதற்குச் சம்மதம் சொன்னால் போன் அந்தக் கார்டை அழித்து, தனக்குள் இருக்கும் ரகசியக் குறியீடு என்ற சாவியால் பூட்டிக்கொள்ளும். அப்படி நடந்திருந்தால் உங்கள் வாய்ப்பு பெரிதும் குறைந்துவிடும், இருந்தாலும் கீழே சொல்கிற முறையை ஒருமுறை செய்து பார்க்கலாம். யாரும் எதையும் அழுத்தவில்லை என்றால் கவலை இல்லை.

மாதக்கணக்கில் போனுக்குள்ளேயே இப்படிப் பூட்டிக் கிடந்த கார்டு என்றால் கதை வேறு. அந்தச் சாவி அந்தப் போனுக்குள் மட்டும்தான் இருக்கும். வேறு போனோ லேப்டாப்போ கார்டைப் படிக்காது. ‘போனை ஒரு தடவை ரீசெட் பண்ணிப் பாருங்க’ என்று கடையில் சாதாரணமாகச் சொல்வார்கள். அப்படிப் போனை முழுக்க அழித்துப் புதுசு போல ஆக்கினால் சாவி அழிந்துவிடும், அதற்கப்புறம் படங்களை மீட்கும் எந்த லேபும் (ஆய்வகமும்) படத்தை எடுத்துத் தர முடியாது. உங்கள் வீட்டில் வேறு யாருடைய போனிலாவது கார்டு இப்படி இருந்தால் இதைச் சொல்லி வையுங்கள். எவ்வளவோ பேர் குழந்தைப் படங்களை இப்படித்தான் இழக்கிறார்கள்.

சரி, நகல் எடுப்பது. ‘வின்32 டிஸ்க் இமேஜர்’ என்ற இலவச மென்பொருள் போதும். லேப்டாப்பில் 64 ஜிபிக்கு மேல் இடம் காலியாக இருக்க வேண்டும், மீட்டெடுக்கும் படங்களுக்குத் தனியாக இடம் வேண்டும். கார்டைத் தேர்ந்தெடுத்து, கோப்புக்கு ஒரு பெயர் கொடுத்து, ‘ரீட்’ பொத்தானை அழுத்துங்கள். பக்கத்திலேயே ‘ரைட்’ என்று ஒன்று இருக்கும். அது லேப்டாப்பில் இருப்பதைக் கார்டின் மேல் எழுதிவிடும், அதன் பக்கம் போகவே கூடாது. பழைய கார்டு ரீடர் என்றால் ஒரு மணி நேரம்கூட ஆகும், இடையில் பிடுங்காதீர்கள்.

நகல் முடிந்ததும் கார்டை எடுத்து பீரோவில் வையுங்கள். இனி வேலையெல்லாம் நகலில்தான். ‘க்யூபோட்டோரெக்’ என்ற இலவச மென்பொருளில் அந்த நகலைத் திறந்து, முழுவதையும் தேடச் சொல்லி, படங்களை வேறொரு ஃபோல்டரில் சேமிக்கச் சொல்லுங்கள். பட்டியலை நம்பாமல், ஜேபெக் (கேமரா படங்களைச் சேமிக்கும் வழக்கமான கோப்பு வகை) படம் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் இருக்கும் அடையாளத்தை வைத்துத் தேடுவதால் பழைய பெயர்கள் வராது, ஏதோ எண்களாக வரும். பரவாயில்லை, எடுத்த தேதியும் நேரமும் பெரும்பாலும் படத்துக்குள்ளேயே இருக்கும்.

பல கடைகளில் ‘டேட்டா ரெக்கவரி’ என்று சொல்லி ஓட்டுவது இதே மென்பொருளை அல்லது இது போன்ற ஒன்றைத்தான். உழைப்புக்குக் கூலி வாங்குவது தப்பில்லை. கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, ‘படம் கிடைத்துவிட்டது, மீதியைக் கட்டுங்கள்’ என்று சின்னச் சின்னப் படங்களாகத் திரையில் காட்டுவதுதான் எனக்குக் கோபம் வரவைக்கிறது. கேமரா ஒவ்வொரு ஜேபெக் கோப்புக்குள்ளும் ஒரு குட்டிப் படத்தைத் தனியாக வைக்கிறது. குட்டிப் படம் பளிச்சென்று தெரியும், முழுப் படத்தைத் திறந்தால் பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாக இருக்கும். அதனால் பெரிதாகத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

லேப்டாப்பில் கார்டு அறவே தெரியாவிட்டாலோ, கொள்ளளவு பூஜ்யம் என்று காட்டினாலோ, தொட்டால் சுட்டாலோ, வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது. நுண்ணோக்கியில் வைத்து உள்ளே நேரடியாகக் கம்பி இணைத்துப் படிக்கும் லேபுக்குத்தான் போக வேண்டும், அதற்குச் செலவு அதிகம்தான். உள்ளூர்க் கடைக்காரர் வாங்கி வெளியூருக்குக் கூரியரில் அனுப்பினால் நடுவில் அவர் பங்கும் சேரும். ‘நீங்களே செய்வீர்களா, அனுப்புவீர்களா, எங்கே?’ என்று நேராகக் கேளுங்கள். கார்டின் பிராண்டு, அளவு, மேலே அச்சிட்ட எண், ‘படம் கிடைக்காவிட்டால் பணம் இல்லை’ என்ற வரி எல்லாம் ரசீதில் இருக்க வேண்டும். எழுதித் தர மறுத்தால் கிளம்பிவிடுங்கள்.

அப்புறம் வாரண்டி. கம்பெனி புதுக் கார்டு தரும், உள்ளே இருந்த படத்துக்குப் பொறுப்பில்லை என்று அட்டைப்பெட்டியிலேயே பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். பழைய கார்டையும் வாங்கிக்கொள்வார்கள், ஆகவே நகல் எடுக்காமல் வாரண்டிக்குக் கொடுக்காதீர்கள். கடை ஏமாற்றினால் நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 3 மாதத்தில், பொருளைப் பரிசோதிக்க வேண்டுமானால் 5 மாதத்தில், முடிக்கப் பார்க்கச் சொல்கிறது. சொல்லி என்ன, வாய்தா மேல் வாய்தா வாங்கினால் யார் கேட்பது? ரெக்கவரி கடை வைக்க எந்தத் தகுதிச் சான்றும் தேவையில்லை என்று விட்டுவிட்டு, ஏமாந்தவரை மட்டும் அலையவிடுவது எந்த ஊர் நியாயம்?

வீடியோவைப் பற்றி ஒன்று. மீட்ட வீடியோ ஓடாமல் போக வாய்ப்பு அதிகம், துண்டு துண்டாக எழுதப்பட்டிருக்கும். அதைச் சரிசெய்யும் மென்பொருளுக்கு, அதே கேமராவில் அதே அமைப்பில் (செட்டிங்கில்) எடுத்த நல்ல வீடியோ ஒன்று மாதிரிக்கு வேண்டும். பெரியப்பா மகனிடம் கேமரா அமைப்பை மாற்றாமல், வேறொரு கார்டில் ஒரு நிமிட வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.