கம்ப்யூட்டர் கேள்வி–பதில்: ஃபேன் சத்தம்

கேள்வி: எங்கள் பனியன் கம்பெனி ஆபீஸில் பில் போடும் டெஸ்க்டாப், ஆன் செய்ததும் அமைதியாகத்தான் ஓடுகிறது. பத்து நிமிடத்தில் ‘ஹோ’வென்று இரைய ஆரம்பிக்கிறது. சில சமயம் தானாகவே அணைந்தும் விடுகிறது. எஸ்எம்பிஎஸ்ஸை (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: இப்போதே பணம் செலவழிக்காதீர்கள். ஃபேன் பேரிங் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் ஆன் செய்த நொடியிலிருந்தே உரசல் சத்தம் கேட்கும். சூடேறிய பிறகு காற்றிரைச்சல் கூடுகிறது என்றால் ஃபேன் நன்றாகத்தான் இருக்கிறது. ப்ராசஸரின் சூடு வெளியேற வழியில்லாததால் மதர்போர்டு ஃபேனை முழு வேகத்தில் விரட்டுகிறது. சூடு எல்லை தாண்டினால் ப்ராசஸரைக் காப்பாற்றக் கம்ப்யூட்டர் தானாகவே அணையும்.

உங்கள் ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பஞ்சுத் தூசியைத்தான். அது ஃபேனுக்கும் ஹீட்சிங்க்குக்கும் (ப்ராசஸரின் சூட்டை உறிஞ்சும் அலுமினியத் தகடுகள்) நடுவில் படிந்து, கம்பளித் துண்டு விரித்தாற்போல அடையாகிவிடும். மேலிருந்து பார்த்தால் ஃபேன் இறக்கை மட்டும் தெரிவதால் சுத்தமாக இருப்பதுபோலத் தோன்றும். டார்ச் அடித்து இறக்கைகளின் இடுக்கு வழியே பாருங்கள். அலுமினியத் தகடுகளின் விளிம்பு தெரியாமல் சாம்பல் நிறமாக இருந்தால் காரணம் அதுதான்.

பவர் கார்டைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனை 5 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பக்கத் தகட்டைக் கழற்றி, கேபினெட்டின் பெயின்ட் அடிக்காத இரும்புப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். 1 இன்ச் புது பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தளர்த்தி, ப்ளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் சுழலாமல் ஒரு விரலால் பிடித்துக்கொள்வது அவசியம். தாறுமாறான வேகத்தில் சுழன்றால் பேரிங் கெட்டுப்போகும்.

அடை கெட்டியாக இருந்தால் கூலரை, அதாவது ஃபேனும் ஹீட்சிங்க்கும் சேர்ந்த பாகத்தை, கழற்ற வேண்டும். ப்ராசஸரோடு வரும் இன்டெல் வட்டக் கூலரில் நான்கு மூலையிலும் கறுப்புக் குமிழ் இருக்கும். ஃபேன் ஒயரை உருவிவிட்டு, ஒவ்வொரு குமிழையும் அம்புக்குறி காட்டும் திசையில் கால் சுற்று திருப்பி மேலே இழுங்கள். மறுபடி மாட்டும் முன் நான்கையும் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு, குறுக்கு மூலைகளாக, ‘க்ளிக்’ கேட்கும்வரை அழுத்துங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான்: ஒரு குமிழின் கால் சரியாகப் பதியாவிட்டால் கூலர் ஒருபக்கம் தூக்கி நின்று, முன்பைவிட அதிகமாகச் சூடேறும். கூலரைப் பிடித்து அசைத்துப் பாருங்கள், ஆடவே கூடாது.

கூலரை எடுத்துவிட்டால், ப்ராசஸருக்கும் அதற்கும் நடுவே சூட்டைக் கடத்தத் தடவியிருக்கும் பழைய பேஸ்ட் உதவாது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் இரண்டு பக்கமும் துடைத்து, ப்ராசஸரின் நடுவே 4–5 மி.மீ. அகலத்துக்குப் புது பேஸ்ட்டை ஒரு பொட்டாக வையுங்கள். பரப்ப வேண்டாம், கூலரின் அழுத்தமே பரப்பிவிடும்.

உங்களுடையது ஏஎம்டி கம்பெனியின் ஏஎம்4 வகை ப்ராசஸர் என்றால் இன்னொரு ஆபத்து உண்டு. பேஸ்ட் காய்ந்திருந்தால் ப்ராசஸர் கூலரோடு ஒட்டி சாக்கெட்டிலிருந்து பிய்ந்து வந்துவிடும், பின்கள் வளையும். கழற்றும் முன் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்துக் கார்டைக் கழற்றி, கூலரின் பிடிகளை விடுவித்து, இடமும் வலமுமாக மெல்லத் திருகிவிட்டுத் தூக்குங்கள்.

கேள்வி: காலையில் ஆன் செய்ததும் கேபினெட் பின்பக்க ஃபேன் ‘கரகர’வென்று கத்துகிறது. ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. தேங்காய் எண்ணெய் விடலாமா?
– வாசகர், உதகை

பதில்: கூடாது. தேங்காய் எண்ணெய் சுமார் 25 டிகிரிக்குக் கீழே போனாலே உறையத் தொடங்கும்; உங்கள் ஊர்க் குளிருக்குப் பேரிங்குக்குள்ளேயே இறுகிவிடும். துரு நீக்கும் ஸ்ப்ரேயும் வேண்டாம். மிச்சமிருக்கும் எண்ணெயைக் கரைத்துவிட்டுத் தானும் ஆவியாகிவிடும்.

ஸ்லீவ் பேரிங்கில் (குண்டுகள் இல்லாமல் எண்ணெயில் சுழலும் வகை) எண்ணெய் வற்றியதன் அடையாளம்தான் இந்தச் சத்தம். ஃபேனைக் கழற்றி, ஸ்டிக்கரைப் பாதி உரித்து, அடியில் ரப்பர் மூடி இருந்தால் எடுத்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் 2 சொட்டு விடுங்கள். கையால் சுற்றி ஊறவிட்டு, வழிந்ததை நன்றாகத் துடைத்த பிறகு ஸ்டிக்கரை ஒட்டுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஸ்டிக்கர் பிடிக்காது. எண்ணெய் கசிந்து பேரிங் மறுபடி காயும். இது தற்காலிக வைத்தியம்தான். இறக்கையை மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரிகிறதா? அப்படியானால் தேய்மானம், மாற்றிவிடுங்கள். பால் பேரிங் (குண்டுகள் வைத்த வகை) ஃபேன் கத்தினாலும் எண்ணெயால் சரியாவது அரிது.

கேள்வி: புது 120 மி.மீ. ஃபேன் மாட்டினேன். அது எப்போதும் முழு வேகத்திலேயே ஓடுகிறது. ஃபேனில் கோளாறா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: ஒயர் முனையில் எத்தனை துளை என்று பாருங்கள். 3 துளை ஃபேனின் வேகத்தை வோல்டேஜைக் குறைத்துத்தான் கட்டுப்படுத்த முடியும். 4 துளை ஃபேனுக்கு 12 வோல்ட் அப்படியே போகும். வேகத்தைச் சொல்வது நான்காவது ஒயரின் பிடபிள்யூஎம் சிக்னல். மதர்போர்டு பிடபிள்யூஎம் முறையில் இருக்க, நீங்கள் 3 துளை ஃபேனை மாட்டியிருந்தால் அது எப்போதும் முழு வேகம்தான். பயாஸில் (மதர்போர்டின் செட்டிங் பக்கம்) ஃபேன் கண்ட்ரோல் பகுதிக்குப் போய், அந்த ஃபேனுக்கு வோல்டேஜால் கட்டுப்படுத்தும் டிசி முறையைத் தேர்ந்தெடுங்கள். எஸ்எம்பிஎஸ் ஒயரிலிருந்து நேரடியாக மாட்டியிருந்தால் வேகம் குறையவே குறையாது. மதர்போர்டு பின்னுக்கு மாற்றுங்கள்.

திசையையும் ஒருமுறை சரிபாருங்கள். ஃபேனைத் தாங்கும் குறுக்குக் கம்பிகளும் ஸ்டிக்கரும் உள்ள பக்கமாகத்தான் காற்று வெளியே வரும்.

கேள்வி: சத்தம் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வருகிறது. திறந்து எண்ணெய் விடலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: திறக்காதீர்கள். கார்டைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் தேங்கியிருக்கலாம். அணைத்துவிட்டு வெளியிலிருந்து பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். ஃபேன் கிரில்லில் ஒயர் ஏதாவது உரசுகிறதா என்றும் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால், வாரண்டி இருக்கிறதா என்று பார்த்து சர்வீஸுக்குக் கொடுங்கள். வாரண்டி முடிந்திருந்தால் புதிதாக வாங்கிவிடுங்கள்.