புகையானுக்கு முன்னால் 'எதிர்ப்பு சக்தி' டானிக் தெளிக்கலாமா?

கேள்வி: போன முறை என் நெல் வயலில் புகையான் விழுந்து, பால் பிடிக்கும் நேரத்தில் பயிர் வட்ட வட்டமாகக் காய்ந்துவிட்டது. இந்த முறை நட்டு 20 நாள் ஆகிறது. பயிருக்கு எதிர்ப்பு சக்தி ஏற்றும் டானிக் என்று ஒன்றை மூன்று தடவை தெளிக்கச் சொல்கிறார்கள், அதில் சிலிக்காவும் இருக்கிறதாம். தெளித்தால் பூச்சி வராதா?

பதில்: வரும். புகையான் காற்றோடு பறந்து வந்து இறங்குகிற பூச்சி, அது இறங்குவதை எந்த டானிக்கும் தடுக்காது. இறங்கிய பிறகு உங்கள் வயலில் அது எவ்வளவு பெருகுகிறது என்பதில்தான் பயிரின் எதிர்ப்புக்கு வேலை. அந்த எதிர்ப்பைக் கூட்டுவதும் கெடுப்பதும் பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது, முதலில் யூரியா மூட்டையில்.

யூரியா தரும் தழைச்சத்து மிஞ்சினால் பயிரின் சாற்றில் அமினோ அமிலங்கள் கூடும். சாறு உறிஞ்சும் பூச்சி முட்டை வைக்கவும் குஞ்சு வளரவும் தேவையானது அதுவேதான். கரும்பச்சையாக, இலை தொங்கிக்கொண்டு நிற்கிற பயிரைப் பார்த்து நாம் சந்தோஷப்படுகிறோம், அந்தப் பயிரில்தான் புகையான் வேகமாகப் பெருகும். யூரியாவை மூன்று நான்கு தவணையாகப் பிரித்து, இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, நிறம் வெளுத்தால் மட்டும் போடுங்கள். எல்லா மண்ணுக்கும் ஒரே எண்ணை அச்சடித்து "ஹெக்டேருக்கு இத்தனை கிலோ" என்று கொடுத்துவிட்டு, பூச்சி வந்த பிறகு மருந்துப் பட்டியலை நீட்டுகிற ஏற்பாட்டை இன்னும் எத்தனை காலம் வைத்திருக்கப் போகிறார்களோ.

அடுத்து சிலிக்கா. அது உண்மையிலேயே நல்ல பொருள், நெல்லுக்கு ரொம்பவே வேண்டியது. இலையும் தண்டும் விறைப்பாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதோடு, பூச்சி ஊசி போன்ற வாயைக் குத்தி உறிஞ்சும்போது பயிர் தன் சாற்றுக் குழாயைத் தானே அடைத்துக்கொள்ளப் பார்க்கும், சிலிக்கா கிடைத்த பயிர் அந்த அடைப்பை இன்னும் நன்றாகப் போடுகிறது. ஆனால் அளவைப் பாருங்கள். ஹெக்டேருக்கு 5 டன் நெல் தருகிற பயிர் மண்ணிலிருந்து 230 முதல் 470 கிலோ வரை சிலிக்கான் எடுக்கிறது, அத்தனையும் வேர் வழியாக. இதை ஒரு பாட்டிலில் அடைத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் என்ன அர்த்தம்? எடுத்ததில் பெரும்பகுதி வைக்கோலிலும் உமியிலும் இருக்கிறது, சாம்பல் சத்தும் (பொட்டாஷ்) பெரும்பாலும் வைக்கோலில்தான். ஆகவே வைக்கோலில் ஒரு பங்கையாவது மக்க வைத்துத் திரும்ப வயலில் போடுங்கள். உமிச்சாம்பல் போடுவதானால் கருகிய கறுப்புச் சாம்பலாகப் போடுங்கள். அதிக சூட்டில் வெந்து வெளுத்த சாம்பல் மண்ணில் எளிதில் கரையாது.

எதிர்ப்பு ரகம் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை என்றும் உங்களுக்குச் சொல்வார்கள். நல்ல வழிதான், கிடைத்தால் போடுங்கள். ஆனால் இதில் ஒரு விஷயத்தை யாரும் விதை விற்கும்போது சொல்வதில்லை. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1973-ல் ஐ.ஆர். 26 என்ற புகையான் எதிர்ப்பு ரகத்தை வெளியிட்டது. அதைப் பரவலாகப் போட்ட இடங்களில் சில வருடங்களிலேயே அந்த ரகத்தையும் தின்கிற புகையான் பெருகிவிட்டது, வேறு எதிர்ப்பு மரபணு கொண்ட ஐ.ஆர். 36-ஐ 1976-ல் கொண்டுவர வேண்டியிருந்தது. ஒரே மரபணுவை நம்பி ஊர் முழுக்க ஒரே ரகம் போட்டால் பூச்சி அதைத் தாண்டக் கற்றுக்கொள்ளும். அதனால் பையில் "எதிர்ப்பு" என்று அச்சிட்டிருப்பது போதாது, பக்கத்து வயல்களில் அதே ரகம் போன பட்டத்தில் எப்படி நின்றது என்று கேளுங்கள். அங்கே காய்ந்திருந்தால் உங்கள் வயலிலும் காயும், ரகத்தின் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். எதிர்ப்பு ரகம் என்ற தைரியத்தில் யூரியாவைக் கூட்டுவதும் அதே ஏமாற்றத்தில்தான் முடியும்.

இதைவிடப் பெரிய பொறி, பூச்சி கண்ணில் படும் முன்பே "முன்னெச்சரிக்கை" என்று தெளிக்க வைப்பது. டானிக் விற்கிறவர் கூடவே ஒரு பூச்சிக்கொல்லியையும் சேர்த்துக் கொடுப்பார், அது செயற்கை பைரித்ராய்டு வகையாக இருந்தால் கையால் தொடாதீர்கள். சிலந்தியும், புகையான் முட்டையை உறிஞ்சித் தின்கிற மிரிட் நாவாய்ப்பூச்சியும் முதலில் சாகும், தண்டுக்குள் செருகி வைத்த புகையான் முட்டைகள் தப்பிவிடும். பிறகு வருவது முன்பைவிடப் பெரிய கூட்டம். 1986-ல் இந்தோனேசியா நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது இதனால்தான்.

சரி, உங்கள் வயலுக்கு வருவோம். வாரம் ஒருமுறை பத்திருபது குத்துகளை விரித்து, தண்ணீர் மட்டத்துக்கு மேலே தண்டின் அடியைப் பாருங்கள், மேலே இலையைப் பார்த்துப் பயனில்லை. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு (குத்திலிருந்து கிளைக்கும் ஒவ்வொரு தண்டுக்கும்) 1, குத்துக்கு ஒரு சிலந்தியாவது இருந்தால் தூருக்கு 2 பூச்சி என்ற அளவைத் தாண்டினால்தான் மருந்து பற்றி யோசிக்க வேண்டும். அதற்கு முன் தண்ணீரை வடித்துவிட்டுக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கொடுங்கள், பயிர் நெருக்கமாக இருந்தால் எட்டடிக்கு ஓரடி விலக்கி வெளிச்சம் விடுங்கள்.

பாட்டிலை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் வயலில் பாதிக்கு மட்டும் தெளியுங்கள், உரமும் தண்ணீரும் இரண்டு பாதிக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும். அப்புறம் இரண்டு பக்கமும் தூருக்கு எத்தனை பூச்சி என்று எண்ணி எழுதி வைத்து, அடுத்த முறை விற்க வருகிறவரிடம் அந்தக் கணக்கைக் காட்டுங்கள்.