முயல் பண்ணையும் குடல் கிருமிகளும்: கேள்வி பதில்

கேள்வி: சார், என் முயல்கள் எல்லாம் துள்ளிக்கொண்டு இருக்கின்றன. அவற்றிடமும் கிருமி இருக்குமா?

இருக்கலாம். சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் இரண்டும் சீக்கு காட்டாத முயலின் குடலிலும் தங்கும். இத்தாலியப் பண்ணை முயல்களில் கிடைத்த ஒரு கேம்பைலோபாக்டரை 2009-இல் தனி இனமாகவே பிரித்துப் பெயர் வைத்தார்கள்.

கேள்வி: பால் மறந்த குட்டிகள் கழிந்து கழிந்து சாகின்றன. மருந்துக்கடையில் அமாக்சிசிலின் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

வேண்டாம் தம்பி, வாய்வழியாகக் கொடுக்கவே கூடாது. முயலின் பெருங்குடல் தொடங்கும் இடத்தில் ஒரு பெரிய பை உண்டு. நார்த்தீவனம் அங்கேதான் நொதிக்கிறது. அமாக்சிசிலின், ஆம்பிசிலின், லின்கோமைசின் எல்லாம் அங்குள்ள நல்ல பாக்டீரியாவை அழித்துவிடும். காலியான இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் என்ற கெட்ட பாக்டீரியா பெருகி நஞ்சு விடும். கழிச்சலுக்குக் கொடுத்த மருந்தே ஆளை முடித்துவிடும்.

ஏன் பால் மறக்கும்போது? வளர்ந்த முயலின் வயிற்று அமிலம் கடுமையானது, பெரும்பாலான கிருமிகளைக் கொன்றுவிடும். குட்டிக்கு அது இன்னும் அவ்வளவு ஏறியிருக்காது, பாலின் பாதுகாப்பும் போயிருக்கும். அந்த நேரம் பார்த்து ஈ.கோலை என்ற பாக்டீரியா குடலைப் பிடிக்கும். குட்டி முதுகைக் கூனி, வயிறு உப்பி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தால் உடனே பிரித்து வையுங்கள். உலர்புல் தாராளமாகப் போடுங்கள், மாவுத் தீவனத்தைக் குறையுங்கள், புதுத் தீவனத்தை ஒரே நாளில் மாற்றாதீர்கள். செத்த குட்டியைப் புதைக்கும் முன் கால்நடை மருத்துவரிடம் காட்டிப் பரிசோதியுங்கள். காக்சிடியா ஒட்டுண்ணியாலும் இதே கழிச்சல் வரும், அதற்கு மருந்தே வேறு.

கேள்வி: கறி வெட்டும்போது என்ன கவனிக்கணும் ஐயா?

குடல் கிழியக் கூடாது, அவ்வளவுதான். வெட்டும் முன் சில மணி நேரம் தீவனத்தை நிறுத்துங்கள், தண்ணீர் இருக்கட்டும். குடல் எடுத்த கத்தியால் கறி அரியாதீர்கள். குழாயடியில் அலசினால் கிருமி போகாது, பக்கத்தில் இருக்கும் தக்காளி மேல்தான் தெறிக்கும். கறியின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸ் எட்டும்வரை வேகட்டும், நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்.

கேள்வி: கறியை ஃப்ரிட்ஜில் வைத்தால் கிருமி செத்துவிடுமா?

சாகாது. லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவோ 4 டிகிரியிலும் மெல்ல வளரும். அதை முதலில் விவரித்ததே முயல்களை வைத்துத்தான்: கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூட முயல்கள் செத்ததை ஆராய்ந்து, 1926-இல். கர்ப்பிணிகள் உள்ள வீட்டில் பழைய கறியை நன்றாகக் கொதிக்கவைத்த பிறகே பரிமாறுங்கள்.

கேள்வி: புழுக்கையைக் கொத்தமல்லிப் பாத்திக்கு அப்படியே போடுகிறோம்.

பச்சையாகச் சாப்பிடும் இலைக்குப் போடாதீர்கள். நன்றாக மக்க வைத்தபின் போடுங்கள், அம்மா.