வட இந்திய உணவகத்தில் போட்ட ‘சர்வீஸ் சார்ஜ்’: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: நான் கோத்தகிரியில் வசிக்கிறேன். மாமனாரின் அறுபதாவது பிறந்தநாளுக்கு, ஊட்டியில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு வட இந்திய உணவகத்துக்கு ஐந்து பேர் போனோம். சாப்பாடு 2,860 ரூபாய். அதோடு 10 சதவீத சர்வீஸ் சார்ஜ் 286 ரூபாய் சேர்த்து, மொத்தத்துக்கும் ஜிஎஸ்டி போட்டு 3,303 ரூபாய் வாங்கினார்கள். எடுக்கச் சொன்னதற்கு, “வாசல்லயே போர்டு வச்சிருக்கோம் மேடம், இது கவர்மென்ட் ரூல்” என்றார் மேலாளர். இப்போது நுகர்வோர் சங்கத்துக்காரர் என்று ஒருவர், 3,000 ரூபாயும் அசல் பில்லும் கொடுத்தால் ஒரு லட்சம் நஷ்டஈடு வாங்கித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: பணமும் கொடுக்காதீர்கள், பில்லும் கொடுக்காதீர்கள். முக்கியமாகப் பில்லை.

முதலில் மேலாளர் சொன்னதைப் பார்ப்போம். சர்வீஸ் சார்ஜ் அரசாங்கம் போட்ட வரி அல்ல. ஒரு காலத்தில் ‘சர்வீஸ் டாக்ஸ்’ என்று ஒன்று இருந்தது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோதே அது ஒழிந்துவிட்டது. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் பாதிப் பேர் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் கட்டிவிடுகிறார்கள். சர்வீஸ் சார்ஜ் முழுக்க முழுக்க ஓட்டல்காரர் தாமாகப் போட்டுக்கொள்வது. பில்லில் அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது, கட்டமாட்டேன் என்பவரை உள்ளே விடாமல் தடுக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. உணவக உரிமையாளர் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர்நீதிமன்றம் அந்த நெறிமுறை செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே வாசலில் போர்டு மாட்டியிருந்தோம் என்பது பதிலே அல்ல. பரிமாறிய பையனுக்குக் கொடுக்க விரும்பினால் அவன் கையில் கொடுங்கள். அது உங்கள் மனசு.

உங்களிடம் அதிகமாக வாங்கியது 286 ரூபாய் மட்டுமல்ல. சர்வீஸ் சார்ஜையும் சேர்த்த தொகைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்கள். சாப்பாட்டுக்கு மட்டும் போட்டிருந்தால் 143 ரூபாய்தான், மொத்தம் 3,003. அதாவது 300 ரூபாய் சொச்சம் உங்களுக்கு வரவேண்டியது. புகாரில் அந்தத் தொகையை எழுதுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். இதை யாரும் பார்ப்பதில்லை, எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அந்த உணவகம் ‘காம்போசிஷன்’ திட்டத்தில் இருந்தால், உங்களிடம் அது ஜிஎஸ்டியே வாங்கக் கூடாது. ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடி வரை உள்ள உணவகங்கள் இந்தத் திட்டத்தில் சேரலாம். சேர்ந்தவர்கள் 5 சதவீதத்தைத் தங்கள் கையிலிருந்து கட்டவேண்டும், சாப்பிட வந்தவர் தலையில் கட்டக் கூடாது. காம்போசிஷன் வரிதாரர், வரி வசூலிக்கத் தகுதியற்றவர் என்று பில்லிலேயே அச்சடிக்க வேண்டும், கடைப் பலகையிலும் போடவேண்டும். நம் மலையில் புதிதாகத் திறக்கும் சின்னச் சின்ன உணவகங்களுக்கு இந்தத் திட்டம் தோதானது, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். பில்லில் 33 என்று தொடங்கும் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கும். அதை ஜிஎஸ்டி இணையதளத்தில் ‘வரிதாரரைத் தேடு’ பகுதியில் போட்டால், ‘ரெகுலர்’ என்றோ ‘காம்போசிஷன்’ என்றோ காட்டும். இரண்டு நிமிட வேலை. காம்போசிஷன் என்று வந்தால் ஜிஎஸ்டி என்று வாங்கியது முழுவதும் தவறு. அந்த எண்ணே பில்லில் இல்லை, ஆனால் வரி மட்டும் இருக்கிறது என்றால் அது இன்னும் மோசம்.

இனி அந்த ஆளைப் பற்றி. ஒரு லட்சம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். டெல்லித் தீர்ப்பில் வழக்குப் போட்ட இரண்டு சங்கங்களுக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் செலவுத்தொகை விதித்தார்கள். அது ஆணையத்திடம் கட்டவேண்டிய பணம், நுகர்வோர் நலனுக்கானது. சாப்பிட்ட எவர் கைக்கும் ஒரு ரூபாய் வரவில்லை. அந்தச் செய்தித் துணுக்கைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இவர்கள் ஊர் ஊராகப் போகிறார்கள். குன்னூரில் என்னிடம் வந்த ஒரு அம்மா இப்படித்தான் ஒருவரிடம் அசல் பில்லைக் கொடுத்துவிட்டார். அவர் அதைக் காட்டியே ஓட்டல்காரரிடம் ஏதோ ஒரு தொகை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிட்டார். அந்த அம்மாவிடம் நகல்கூட இல்லை, நான் எதை வைத்து வழக்குப் போடுவது? பேரில் ‘உரிமை’, ‘பாதுகாப்பு’ என்று இருப்பதாலோ, அடையாள அட்டையில் அசோகச் சக்கரம் போட்டிருப்பதாலோ ஒருவர் அரசு ஆள் ஆகிவிடமாட்டார்.

நீங்கள் செய்யவேண்டியது இதுதான். பில்லை இன்றே போட்டோ எடுங்கள். அந்த வழவழப்பான தாளில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். யூபிஐ-யில் கட்டியிருந்தால் அந்தப் பக்கத்தையும் சேமியுங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அவர்கள் உணவகத்துக்குப் புகாரை அனுப்புவார்கள். பல இடங்களில் அதற்கே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடமும் மனு கொடுக்கலாம். நெறிமுறையே அந்த வழியைச் சொல்கிறது.

அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான விஷயத்துக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டியதில்லை, இணையத்திலேயே தாக்கல் செய்யலாம், இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த மூன்று மாதத்துக்குள் முடிக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பது வேறு. 300 ரூபாய்க்காக ஒரு பெண் வேலையை விட்டுவிட்டு, கோத்தகிரியிலிருந்து பஸ் பிடித்து தொட்டபெட்டா பிரிவைத் தாண்டி வந்து, ‘அடுத்த வாய்தா’ என்று கேட்டுவிட்டுத் திரும்புவதை நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். இந்த இழுத்தடிப்புதான் இடைத்தரகர்களுக்குச் சோறு போடுகிறது. காணொலி வழியாக ஆஜராக மனுவிலேயே அனுமதி கேளுங்கள். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது, கேட்டால்தான் கிடைக்கும்.

பில்லை அந்த நபரிடம் ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே போய் வாங்கிவிடுங்கள். தரமறுத்தால் உணவகத்துக்கே போய், தேதியையும் யூபிஐ எண்ணையும் சொல்லி மறு பிரதி கேளுங்கள். கணினியில் போட்ட பில் என்றால் அவர்களிடம் பதிவு இருக்கும். பிரதி வந்ததும் 1915-ஐ அழையுங்கள்.