அண்ணன் மகனுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை

கேள்வி: என் மகளுக்கு 26 வயது. பாலிகிளினிக்கில் ரத்தம் பார்த்ததில் 'பீட்டா தலசீமியா மைனர்' என்று வந்திருக்கிறது. மாப்பிள்ளை தஞ்சாவூரில் இருக்கும் என் அண்ணன் மகன். "அது சீனருக்கும் மலாய்க்காரருக்கும் வருகிற வியாதி, நம்மவர்களுக்கு ஏது?" என்கிறார் அண்ணி. சிங்கப்பூருக்கு வந்ததால் ஒட்டிக்கொண்டதா?
- ஈசூன் வாசகி

பதில்: ஊரிலிருந்து ஒட்டிக்கொள்ள இது என்ன சளியா? ரத்தத்தின் சிவப்புப் புரதமான ஹீமோகுளோபினைச் செய்யும் மரபணு ஒன்றில் குறை இருப்பதுதான் இந்த 'மைனர்'. அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோதான் வரும். மத்தியதரைக் கடலோரம், இந்தியா, தென்கிழக்காசியா என்று மலேரியா ஆட்டிப்படைத்த இடங்களில்தான் தலசீமியா அதிகம். அந்த மரபணு பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தவர்கள் மலேரியாவுக்குத் தாக்குப்பிடித்தார்கள், அதனால் அதுவும் தங்கிவிட்டது. குடிபெயர்ந்தால் கூடவே கிளம்பிவிடும். சைப்ரஸ்காரர்களில் சுமார் ஏழில் ஒருவருக்கு உண்டு. மலேரியாவே இல்லாத லண்டனில் குடியேறியும் அது அவர்களை விடவில்லை. சிங்கப்பூரிலும் சீனர்களிடம் தலசீமியாவின் ஆல்ஃபா வகை, மலாய்க்காரர்களிடம் ஹீமோகுளோபின் இ என்ற மாறிய ஹீமோகுளோபின் அதிகம், இந்தியர்களிடம் பீட்டாவும் உண்டு, அவரவர் கொண்டுவந்தது. அண்ணிக்குப் பாதி மார்க் போடலாம்.

மகளுக்கு இதனால் பெரிய தொந்தரவு இருக்காது. முகம் வெளுத்திருக்கிறதே என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருப்பீர்கள். உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைவாக இருந்தால் மட்டும் கொடுங்கள். ரிப்போர்ட்டில் எம்.சி.வி. (சிவப்பணுவின் அளவு) 65 என்று குறைந்து கிடந்தால் அதை மாத்திரை தூக்காது.

கவனம் வேண்டியது கல்யாண விஷயத்தில். முதலில் நீங்களும் கணவரும் ரத்தம் பாருங்கள். கணவர் வழியில் வந்திருந்தால், உங்கள் அண்ணன் மகனுக்கு இருக்கும் வாய்ப்பு ஊரில் மற்றவர்களுக்கு உள்ள அளவுதான். உங்கள் வழியில் என்றால் அண்ணனுக்குப் பாதிக்குப் பாதி, அவர் மகனுக்கு நான்கில் ஒன்று. (கணவரும் சொந்தம் என்றால் இந்தக் கணக்கு வேறு.) அந்நியத்தில் கொடுத்தால் தப்பிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். ஹீமோகுளோபின் இ உள்ள மலாய் மாப்பிள்ளையோடு சேர்ந்தாலும் பிள்ளைக்கு ரத்தசோகை கடுமையாக வரக்கூடும்.

தட்டு மாற்றுவதற்கு முன் மாப்பிள்ளை ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் 'ஹீமோகுளோபின் எலக்ட்ரோஃபோரசிஸ்' என்ற ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளட்டும், தஞ்சாவூரிலேயே முடியும். இருவருக்கும் பீட்டா இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு, பிள்ளை தலசீமியா மேஜரோடு பிறக்க. அந்தப் பிள்ளைக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டிவரும். அப்போதும் கல்யாணத்தை நிறுத்தத்தான் வேண்டும் என்றில்லை. கரு மூன்று மாதம் ஆகும்போதே பரிசோதித்துத் தெரிந்துகொள்ளலாம். இங்குள்ள கேகே மருத்துவமனையில் 1992 முதல் இயங்கும் தேசிய தலசீமியா பதிவகத்தில் ஆலோசனை கேளுங்கள்.

அண்ணியிடம் பேச்சை மாப்பிள்ளையிலிருந்து தொடங்காதீர்கள். "நானும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்திருக்கிறேன், அண்ணி" என்று ஆரம்பியுங்கள்.